புவிக்காந்த ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. மாணவர்களுக்கான திசைகாட்டிப் பயிற்சி வகுப்பு இவ்வாண்டும் நடைபெற்றது.

காந்தப் புலத்தை அளக்கும் நமது காந்தமானி நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. அதை முன்மொழிந்தவன் நான். ஒரு நிலநடுக்கத்தையும் முன்கூட்டிச் சொல்லாத கருவிக்கு இத்தனை உழைப்பு ஏன் என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

புவியின் முதன்மைக் காந்தப் புலம் ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் உருகிய வெளிக்கருவில் பிறக்கிறது; நிலநடுக்கங்களோ சுமார் 700 கி.மீ. ஆழத்திற்குள்ளேயே நிகழ்கின்றன. ஆகவே நாம் தேடுவது அந்தப் பெரும் புலத்தின் மாற்றத்தை அன்று; அழுத்தத்திற்கு உள்ளாகும் பாறையின் காந்தத்தன்மை மாறுவதாலோ, பாறை இடுக்குகளில் நீர் நகர்ந்து மின்னோட்டம் உண்டாவதாலோ எழக்கூடிய மிக நுண்ணிய சலனத்தையே. மொத்தப் புலம் இடத்திற்கேற்ப 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) வரை இருக்க, இத்தகைய சலனம் பெரும்பாலும் சில நானோடெஸ்லாவைக்கூட எட்டுவதில்லை. ஞாயிற்றின் தாக்கத்தால் புலம் அன்றாடம் பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்குகிறது. 2024 மே மாதத்தில் வந்ததைப் போன்ற காந்தப் புயலில் நூற்றுக்கணக்கில் மாறுகிறது.

1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டாவில் 6.9 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் மையத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தொலைவில், கோரலிட்டோஸில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரேசர்-ஸ்மித் வைத்திருந்த கருவி, ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்பிருந்தே காந்த இரைச்சல் (புலத்தின் ஒழுங்கற்ற நுண் அலைவு) உயர்ந்ததையும், கடைசி மூன்று மணி நேரத்தில் அது பெரிதும் எழுந்ததையும் பதிவு செய்தது. நம்மில் பலரை இத்துறைக்கு இழுத்து வந்த பதிவு அதுவே. ஆனால் 2009இல் அதை மீளாய்வு செய்தவர்களுள் ஒரு சாரார் கருவிக் கோளாறு என்றும், வேறொருவர் இயல்பான காந்த அலைவு என்றும் கருதினர். 2004 செப்டம்பர் 28 அன்று அதே கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 6.0 அளவில் நிலம் அதிர்ந்தபோது, அருகிலேயே கருவிகள் இருந்தும் அத்தகைய முன்னறிகுறி தென்படவில்லை. ஒரே ஒரு கருவி, அதுவும் ஒரே ஒரு நிகழ்வு என்றால் வழக்கு இப்படித்தான் தீராமல் நிற்கும். எதுவுமே நிகழாத நாட்களின் பதிவு நம்மிடம் இல்லாவிட்டால், நிகழ்ந்த நாளின் பதிவுக்கு மதிப்பில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இங்குதான் என் மனக்குறை. எங்கேனும் நிலநடுக்கச் செய்தி வந்ததும், அன்று நம் கருவி என்ன காட்டியது என்று கேட்டு அழைக்கும் அன்பர்கள், தமக்குரிய கண்காணிப்பு முறைநாளில் வருவதில்லை. நிலையத்தருகே ஒரு வாகனம் வந்து நின்றாலே வரைகோடு துள்ளும்; வாகனம் வந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத ஆளில்லை எனில், அந்தத் துள்ளலைப் பின்னர் யாராலும் விளக்க இயலாது. குறிப்பேட்டில் வெற்றுப் பக்கங்கள் பல உள்ளன. பிறர் வராத நாட்களில் இயன்றவரை நானே சென்றேன்.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுச் சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. செலவு வரவிற்குள் அடங்கியது. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியுள்ளது. நிலுவை வைத்திருப்போர் பெயர்களை இங்கு வாசிக்க நான் விரும்பவில்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், இடமளித்த அன்பர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில், பல கிலோமீட்டர் தொலைவில் இரண்டாவது காந்தமானி ஒன்றை நிறுவ விரும்புகிறோம். வானிலிருந்து வரும் மாற்றம் இரு கருவிகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே பதிவாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவதே நாம் ஆராய வேண்டியது. நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் கருவியை வாங்கிவிடலாம். இரு நிலையங்களையும் ஒருவரே பார்த்துக்கொள்ள இயலாது. முறைநாள் பட்டியல் வாயிலருகே மேசைமேல் உள்ளது. அதில் இதுவரை என் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

செயலாளர்