வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: லாக்கைக் கழற்றிப் பாராமல் இனி நாங்கள் மதிப்பீடு எழுதப்போவதில்லை

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய ஐரோப்பியக் கைத்துப்பாக்கிகளை வாங்கவும் விற்கவும் காப்பீட்டுக்காக மதிப்பிடவும் லண்டனில் உள்ள எங்கள் சிறிய கடையை நாடிவரும் உங்களுக்கு, எங்கள் நடைமுறையில் செய்துள்ள ஒரு மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறோம். இனிமேல் எந்தக் கைத்துப்பாக்கிக்கும், அதன் லாக்கை (பக்கவாட்டில் பொருத்திய, மருந்தைப் பற்றவைக்கும் பொறியை) கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல், ‘மூல நிலையில் உள்ளது’ என்ற சொற்களை எங்கள் சான்றிதழில் எழுதமாட்டோம். புகைப்படத்தைப் பார்த்து விலை சொல்லும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம்.

இந்த முடிவுக்குக் காரணம் எங்கள் கடையில் நேர்ந்த ஒரு பிழை. சில ஆண்டுகளுக்கு முன், 1790களில் லண்டனில் செய்யப்பட்ட சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி இணை ஒன்றை, மூல நிலையில் உள்ளது என்று எழுதிக்கொடுத்து ஓர் அம்மையாருக்கு விற்றோம். காப்பீட்டைப் புதுப்பிப்பதற்காக அவர் அண்மையில் அதை எடுத்துவந்தபோது, எண்ணெய் இடுவதற்காக ஒன்றின் பக்கத் திருகாணிகளைக் கழற்றி லாக்கை வெளியே எடுத்தோம். வெடிமருந்துக் கிண்ணம் லாக்கின் தகட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்குப் பித்தளை மஞ்சளில் ஒரு கோடு ஓடியது. குழலின் பக்கவாட்டில், நெருப்பு உள்ளே செல்லும் துளையாகிய பற்றுவாயைச் சுற்றி, சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் வேறு நிற இரும்பால் ஒரு வட்டம் தெரிந்தது. அந்த இணை இடையில் ஒருமுறை கேப் துப்பாக்கியாக (கல்லுக்குப் பதிலாக, தட்டினால் வெடிக்கும் மருந்து வைத்த சிறு செப்பு மூடியால் சுடும் வகையாக) மாற்றப்பட்டு, பின்னர் மறுபடியும் கல் துப்பாக்கியாக்கப்பட்டிருக்கிறது என்பதில் எங்களுக்கு ஐயம் எழவில்லை. முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்து இணையை நாங்களே எடுத்துக்கொண்டோம். ஆயினும் எங்கள் கையெழுத்தை நம்பி அவர் அத்தனை ஆண்டுகள் அதை வைத்திருந்தார் என்பது எங்களை வருத்துகிறது.

பற்றுவாயில் தெரிந்த வட்டத்துக்கும் கிண்ணத்தடியில் தெரிந்த கோட்டுக்கும் என்ன பொருள் என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறோம். கல் துப்பாக்கியில், குதிரை எனப்படும் வளைந்த கையின் வாயில் கவ்விய சிக்கிமுக்கிக் கல் எஃகு முகப்பின் மேல் உரசி இறங்கும்போது அந்த முகப்பு முன்னோக்கித் திறந்து கிண்ணத்தை வெளிப்படுத்தும். கிண்ணத்தில் உள்ள பொடிமருந்தில் தீப்பொறி விழுந்து, குழலின் பக்கத்துளையாகிய பற்றுவாய் வழியே நெருப்பு உள்ளே சென்று முதன்மை மருந்தைப் பற்றவைக்கும். பிரான்சில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இந்தப் பொறி, பெரிய மாற்றம் எதுவுமின்றி ஏறக்குறைய 200 ஆண்டுகள் நிலைத்தது. கிண்ணத்தில் எழும் பளிச்சிடலைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன்பே கலைந்துவிடுகின்றன என்று வருந்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், தட்டினாலே வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை பெற்றார். 1820களில் செப்புக் கேப் பரவலானதும் கல்லுக்குத் தேவை குறைந்தது.

நல்ல கல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. ஊர்க் கொல்லரிடமோ செய்த கடையிலேயோ கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். கொல்லர் எஃகு முகப்பையும் அதன் ஸ்பிரிங்கையும் நீக்கி, கிண்ணத்தை அறுத்து அரத்தால் தேய்த்துச் சமன்செய்து, பற்றுவாயைப் பெரிதாகத் துளைத்து அதில் நிப்பிள் (கேப்பை மாட்டும் சிறு முனை) தாங்கும் சிறு உருளையைத் திருகி, குதிரையை மாற்றிச் சுத்தியல் வடிவில் ஒன்றைப் பொருத்தினார். சேகரிப்பாளர்கள் கல் துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தொடங்கிய பிறகு, வணிகர்கள் இதே வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள். பெரிதாகிவிட்ட துளையைப் பிறிதோர் இரும்பால் அடைத்து நடுவில் சிறு பற்றுவாய் இட்டார்கள். அறுத்த இடத்தில் புதிய கிண்ணத்தைப் பித்தளையால் பற்றவைத்தார்கள். நாங்கள் கண்ட வட்டமும் கோடும் இவைதாம். (உயர்ந்த வேலைப்பாடுள்ள சில துப்பாக்கிகளில், துரு அரிக்காதிருக்கப் பற்றுவாய்க்குத் தங்கமோ பிளாட்டினமோ பதித்திருப்பார்கள். அது சிறியது, ஒளிரும், மூலத்தில் உள்ளது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.)

லாக்கைக் கழற்றிய பிறகு நாங்கள் முதலில் பார்ப்பது தகட்டின் நிறம். 200 ஆண்டு மூப்புடைய தகட்டின் உட்புறம் ஒரே சீரான பழுப்பும் சாம்பலுமாக இருக்க வேண்டும். பற்றவைப்புச் சூடு பட்ட இடம் மட்டும் வேறு சாயலில் நிற்கும். அடுத்து, குதிரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்போம். பிற்கால வார்ப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், செதுக்குவேலை மழுங்கியிருக்கும், தகட்டின் கொடிக்கோலமும் குதிரையின் கொடிக்கோலமும் ஒரே கை செய்ததாகத் தோன்றா. பிறகு கட்டையில், லாக்கின் மேல்விளிம்பு ஒட்டும் இடத்தைப் பார்ப்போம். உருளைக்கு இடம்விட அங்கே மரத்தை அரைவட்டமாகச் செதுக்கியிருந்தால், பிறகு எத்தனை திறமையாக மரத்துண்டு ஒட்டினாலும் இழையோட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரித்துப் பார்ப்பதன் அருமைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1804இல் அமெரிக்காவின் வீஹாக்கனில் அரசியல் தலைவர்களான அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் நேருக்கு நேர் சுட்டு மோதிய துப்பாக்கிகள் லண்டனின் வாக்டன் அண்ட் பார்ட்டன் கடையில் செய்யப்பட்டவை. விசையை மிக மெல்லிய தொடுகைக்கே இளகச்செய்யும் மறைவான அமைப்பு ஒன்று அவற்றுள் இருப்பது 1970களில்தான் பரவலாக வெளிப்பட்டது. உலகமே அறிந்த ஒரு துப்பாக்கியில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மறைந்திருந்த ஒன்று உண்டென்றால், ஏலத்தில் வாங்கிய நம் துப்பாக்கியை வெளியிலிருந்து பார்த்து முடிவுசெய்வது எப்படிச் சரியாகும்?

குழலில் உள்ள பெயரைவிட அதன் அடியில் உள்ள சோதனை முத்திரையையே (குழலின் வலிமையைச் சோதித்தபின் இடும் குறியையே) நாங்கள் மிகுதியாக நம்புகிறோம். ‘லண்டன்’ என்ற சொல்லைப் பர்மிங்காமில் செய்த துப்பாக்கிகளிலும் தாராளமாகப் பொறித்தார்கள். புகழ்பெற்ற லண்டன் துப்பாக்கிக் கைவினைஞரான மேன்டன் என்பவரின் பெயரைப் பிறர் திருடிப் பொறித்ததும் உண்டு. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்தின் முத்திரைகளில் அரச முடியின் கீழ் ஜி, பி எழுத்துகளும், மற்றொன்றில் முடியின் கீழ் வி எழுத்தும் இருக்கும். பர்மிங்காமில் சோதனைச் சாலை 1813இல் சட்டத்தின் மூலம் அமைந்தது. குறுக்கிட்ட செங்கோல்களும் பி, சி, பி (B, C, P) எழுத்துகளும் கொண்ட அதன் முத்திரை உள்ள குழலை 1790ஆம் ஆண்டினது என்று யாராவது சொன்னால் உடனே ஏற்காதீர்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி எழுத்துகள் இருக்கும். அந்த வட்டத்தின் மேல் முடி இருந்தால் அது 1893க்குப் பின் வந்தது.

பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். இணையின் விலையில் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், பிற்காலத்தில் பெட்டி சேர்ப்பது எப்போதும் நடந்துவந்திருக்கிறது. ஆங்கிலேயப் பெட்டியை மரத்தடுப்புகளால் அறைகளாகப் பிரித்திருப்பார்கள். பிரெஞ்சுப் பெட்டியில் ஒவ்வொரு பொருளின் வடிவத்துக்கும் ஏற்ப மெத்தையில் குழிவு செய்திருப்பார்கள். ஆங்கிலேயப் பெட்டியின் பச்சைக் கம்பளித் துணியில் நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் கிடந்த குதிரை தன் தடத்தைப் பதித்திருக்கும். அந்தத் தடமும் இன்று அதில் கிடக்கும் துப்பாக்கியும் பொருந்துகின்றனவா என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம்.

கேப் துப்பாக்கியாக அக்காலத்திலேயே மாற்றப்பட்ட ஒன்று உங்களிடம் இருந்தால், அதைக் கல் துப்பாக்கியாக மீண்டும் மாற்றித் தரும்படி எங்களிடம் கேட்காதீர்கள். வேறு யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறோம். 1830களில் ஒரு கொல்லர் செய்த மாற்றம் அத்துப்பாக்கியின் வாழ்க்கையில் ஒரு பகுதி. அப்படியே விடப்பட்ட மாற்றத்துக்கு எங்கள் மதிப்பீட்டில், மறைக்கப்பட்ட மறுமாற்றத்தைவிட உயர்ந்த இடம் உண்டு. அதேபோல், விற்பதற்கு முன் மெருகேற்றுவதையும் தவிருங்கள். குழலின் பழுப்பு நிறத்தை எஃகுக் கம்பித் தூரிகை அரை மணி நேரத்தில் அழித்துவிடும். அதை மீட்க வழியில்லை. மென்மையான துணியும் சிறிதளவு மெழுகும் போதும்.

எடுத்துவருவதற்கு முன், அருள்கூர்ந்து மருந்து உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். குதிரையை இழுக்காமல், மெல்லிய மரக்குச்சியைக் குழல்வாய் வழியே அடிவரை விட்டு, வாய்விளிம்பில் குறியிட்டு வெளியே எடுத்து, குழலின் மேற்புறத்தில் வைத்து அளவுபாருங்கள். குச்சி பற்றுவாய்க்கு நேராக எட்ட வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தால் குண்டும் மருந்தும் இன்னும் உள்ளே இருக்கக்கூடும்; கருமருந்து காலத்தால் வலிமை இழப்பதில்லை. அப்படியானால் அதைத் தொடாமல் எங்களை அழையுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பிரித்தானியாவில் குழல்வாய் வழியே வெடிமருந்து இடும் இத்தகைய பழந்துப்பாக்கிகளை அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருப்பதற்கு 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சுடும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. உரிமச் சான்றிதழ் வேண்டும். சிறைத்தண்டனை பெற்றவர்களுக்குத் தனித் தடைகள் உண்டு. கைப்பிடியில் தந்தம் பதித்திருந்தால், 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தந்தச் சட்டப்படி விற்பனைக்கு முன் பதிவுசெய்தாக வேண்டும்; அந்தப் பதிவில் நாங்கள் உதவுகிறோம். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுசெல்ல விரும்புவோர், அந்நாட்டு அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை பொருளை நகர்த்த வேண்டாம்.

புதிய நடைமுறையால் மதிப்பீட்டுக்கு ஒரு நாளுக்குப் பதிலாக ஒரு வாரம் ஆகும், கட்டணம் மாறாது. லாக்கை உங்கள் முன்னிலையிலேயே கழற்றி, உட்புறத்தைப் படமெடுத்துச் சான்றிதழோடு இணைப்போம். திருகாணியின் காடி சிதைந்து, கழற்றினால் பழுதாகும் எனத் தோன்றினால் கழற்றமாட்டோம். ஆனால் உட்புறம் பார்க்கப்படவில்லை என்று சான்றிதழில் வெளிப்படையாக எழுதுவோம். இதற்குமுன் எங்களிடம் ‘மூல நிலை’ என்று சான்றிதழ் பெற்ற அனைவரும், கட்டணம் ஏதுமின்றி மறுபரிசோதனைக்குக் கொண்டுவரலாம். முடிவு மாறினால், எங்களிடம் வாங்கிய பொருளாக இருப்பின், நீங்கள் கொடுத்த தொகையை முழுமையாகத் திருப்பித் தருவோம். பழைய சான்றிதழையும் பெட்டியையும், துணைக்கருவிகள் அனைத்தையும் உடன் எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளரும் மதிப்பீட்டாளர்களும்