காலண்டர் தாளின் பின்பக்கம்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் இருந்த பழைய பிஸ்கட் டின்களை இறக்கினேன். மொத்தம் மூன்று டின். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன். நீ சரி என்று சொன்ன பிறகுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊரை விட்டு வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு இதே கேள்வியோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கும் இது போய்ச் சேரட்டும்.

நீ கேட்டது இதுதான்: "தினமும் அதே ரூம், அதே ஆட்டோ, அதே ஆபீஸ். எதுக்கு எந்திரிக்கிறோம்னே தெரியல பெரியம்மா. நீங்க மட்டும் எப்படி இத்தனை வருஷம் சிரிச்ச முகமா ஓடுனீங்க?"

நான் சிரித்த முகமாக ஓடவில்லை. பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓடினேன். நீ விடுமுறைக்கு வந்தபோது பார்த்தது ஞாயிற்றுக்கிழமைப் பெரியம்மாவை. மற்ற ஆறு நாளும் இந்த டின்னுக்குள் இருக்கின்றன.

உள்ளே இருப்பவை தினசரி காலண்டர் தாள்கள். நம் ஊர்ப் பலசரக்குக் கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற அதே காலண்டர்தான். சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்து மாதிரிகளை வெளியிட்டுவிடுவார்கள். உன் மாமா அதை வாங்கி, கூரியரில் போட்டு, என் கைக்கு வந்து சேர மார்கழி ஆகிவிடும். தாத்தா வீட்டு முற்றத்தில் கடிதங்களைக் குத்தி வைக்க ஒரு கம்பி தொங்குமே, அடியில் வட்டமான மரத்துண்டு வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமாகி பம்பாய்க்கு வரும்போது அதைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போதும் என் சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. தினமும் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு நடந்த ஒன்றை எழுதி, அந்தக் கம்பியில் குத்துவேன். வருஷம் முடிந்ததும் நூலால் கட்டி டின்னில் போடுவேன். பெரும்பாலும் ஒரே வரிதான்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

2005 ஜூலை 26. செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை என்று பிறகு பேப்பரில் படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியவில்லை என்பதுதான். எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வி.டி. ஸ்டேஷனில், இப்போது சி.எஸ்.எம்.டி. என்கிறார்களே, அங்கே ஹார்பர் லைன் லோக்கல் வண்டியைப் பிடித்தேன். அப்போது செம்பூரில் இருந்தோம். வண்டி வடாலா தாண்டி, ஜி.டி.பி. நகர் வருவதற்கு முன்னால் நின்றது. நின்றதுதான். மூன்று மணி, நாலு மணி, ஐந்து மணி. தண்டவாளம் மறைந்தது. இருட்டின பிறகு, இனிமேல் உட்கார்ந்திருந்து பயனில்லை என்று பத்துப் பதினைந்து பெண்கள் கை கோத்துக்கொண்டு இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு அடியும் வைக்க வேண்டும். சயான் கோலிவாடாவில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி நின்றபோது புடவை காலில் சுற்றி, என்னால் நிற்கவே முடியவில்லை.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தது ஒரு பஞ்சாபி அம்மா. அறுபது வயதிருக்கும். யார் என்ன என்று கேட்கவில்லை. துண்டு கொடுத்தார், மஞ்சள் சல்வார் கமீஸ் ஒன்று கொடுத்தார். நாற்பத்து நாலு வயதில் முதல் தடவையாக நான் சல்வார் போட்டது அன்றைக்குத்தான். ஆடிச் செவ்வாய் விரதம், காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அதை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, தட்டில் சோறும் ராஜ்மாவும் போட்டுக் கையில் கொடுத்து, நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லை, போன் இல்லை. உன் பெரியப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த அம்மா என் தலையைத் துவட்டிவிட்டார், பாப்பா. என் அம்மா போன பிறகு யாரும் என் தலையைத் துவட்டியதில்லை.

காலையில் கிழித்த காலண்டர் தாளில் காய்கறிக் கணக்கு எழுதி, ரயில் பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் சொருகியிருந்தேன். அது மட்டும் நனையவில்லை. விடிந்ததும் அதில் இப்படி எழுதினேன்: "கோலிவாடா. 3வது மாடி, இடது கதவு. ராஜ்மா சோறு. மஞ்சள் சல்வார். திருப்பிக் கொடுக்கணும்." அடுத்த வாரம் துவைத்து இஸ்திரி போட்டு, கூடவே முறுக்கும் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அது வேறு கதை.

நேற்று அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்தேன். முன்பக்கத்தில் ராகு காலம் 3 முதல் 4½ என்று இருக்கிறது. நகரத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போன நாள் அது. நான் அதை மறக்கவில்லை. ஆனால் எனக்குள் அந்த நாள் ஒரு துண்டாகவும் ஒரு தட்டுச் சோறாகவும்தான் தங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன்: சாமான் திருப்பிக் கொடுப்பதற்காக எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்த ராஜ்மாவின் ருசியும் அந்தச் சல்வாரின் மஞ்சளும் இந்நேரம் போயிருக்கும். அப்படியென்றால் மழை பெய்யாத மற்ற நாட்களில் எத்தனை போயிருக்கும்? அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

முதல் மாதத் தாள்களைப் பார்த்தால் உனக்கு ஏமாற்றமாக இருக்கும். "ஒன்றுமில்லை" என்று பதினோரு தாள். "தலைவலி" என்று நாலு. எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்தேன். போகப்போகத்தான், ராத்திரி எழுத வேண்டுமே என்பதற்காகவே பகலில் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைக்கப் பழகினேன். இது பிறவிக் குணமே கிடையாது, பாப்பா. கோலம் போடப் பழகுவது போலக் கை பழகுகிற விஷயம்.

லேடீஸ் டப்பாவைப் பற்றி, அதாவது லோக்கல் ரயிலில் பெண்களுக்கான பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு டின் நிறைய இருக்கிறது. தசராவுக்கு முன்னால் டப்பாவுக்கு மாலை கட்டிப் பூஜை போடுவது, நவராத்திரி ஒன்பது நாளும் ஒரே நிறத்தில் எல்லோரும் உடுத்துவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொல்ல வருவது 2011-ல் ஒரு சாயங்காலம். எங்கள் கூட்டத்தில் ஒரு மராத்திப் பெண், அம்மாவைப் பறிகொடுத்துப் பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். வழக்கம்போல ஸ்டேஷன் வாசலில் வாங்கிய கொத்தவரங்காய்ப் பை மடியில் இருந்தது. உரிக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்து, காயை நாலு மடியில் பிரித்துப் போட்டாள். குர்லா வருவதற்குள் நார் எடுத்து, ஒடித்து, பையில் திரும்பப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். அந்தத் தாளில் "கொத்தவரங்காய், அரைக் கிலோ" என்று மட்டும் இருக்கிறது. படிக்கும்போது இன்னும் விரலில் அந்த வாசனை வருகிறது.

வாழ்க்கைக்கு ஒரு பெரிய லட்சியத்தைக் கண்டுபிடி, அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்குச் சொல்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனக்கு அப்படி ஒரு லட்சியம் இருந்ததாக ஞாபகமில்லை. காலையில் என்னை எழுப்பியது 8.12 வண்டி. அதில் நான் வரவில்லை என்றால் "நேத்து ஏன் வரல?" என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். நீயும் ஆட்டோவை விட்டுவிட்டு ஒரு மாதம் ஒரே நேரத்து வண்டியில், ஒரே டப்பாவில் ஏறிப் பார். மூன்றாவது வாரம் யாராவது உனக்காக நகர்ந்து உட்காருவார்கள்.

2008-ல் நாங்கள் நவி மும்பையில் இருக்கும் நெரூலுக்குக் குடிவந்தோம். அதற்குப் பிறகு தினமும் இரண்டு தடவை மான்குர்துக்கும் வாஷிக்கும் நடுவில் தாணே கழிமுகத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு வருஷம் தாண்டினேன், பார்க்கவில்லை. பாலத்தில் வண்டி ஏறியதும் சிலர் வாசற்படியிலிருந்து பூஜைப் பூவைத் தண்ணீரில் வீசுவார்கள், அது மட்டும் கண்ணில் படும். ஒரு பிப்ரவரி காலையில் காலேஜ் பெண் ஒருத்தி "தேகோ, தேகோ" (பாருங்க, பாருங்க) என்று கத்தினாள். எட்டிப் பார்த்தால், சேற்றுக்கு மேல் யாரோ ரோஸ் கலர் வாயில் புடவையை நீளமாகக் காயப் போட்டிருப்பது போல ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புடவையின் ஓரம் எழுந்து பறந்தது.

பூநாரைகள். குளிர்காலத்தையொட்டி கட்ச் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் வந்து, மழைக்கு முன்னால் திரும்பிவிடும். 2015-ல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது பூநாரை சாம்பல் நிறம்தானாம். அந்த ரோஸ் நிறம் தின்கிற தீனியிலிருந்து வருகிறது, சேற்றுத் தண்ணீரில் இருக்கும் பாசியிலும் சின்னச் சின்ன உயிர்களிலும் உள்ள நிறமி. தலையைக் கவிழ்த்து, அலகால் அந்தத் தண்ணீரை வடிகட்டி வடிகட்டி, நாள் முழுக்க. அந்தக் கழிமுகத்தின் நாற்றம் உனக்கே தெரியும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் எழுதியது: "தினமும் தின்றதுதான் நிறம்."

இப்போது 2014-க்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

உன் பெரியப்பா படுக்கையில் இருந்த மூன்று மாதத் தாள்களைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அப்போது நான் கவிதையா எழுதினேன்? "இன்று ஒன்றரை இட்லி." "இன்று ஒன்று." "இரண்டு! சட்னி கேட்டார்." "முகம் மழித்துவிட்டேன். கண்ணாடி கேட்டார்." "பேசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார், ஐந்து நிமிஷம்." அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாவம் பாவம் என்றார்கள். ஆனால் முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று நான் எண்ணிப் பார்த்தது அந்த மூன்று மாதம்தான். அதற்கு முன்னால் எண்ணவில்லையே என்பதுதான் இன்றுவரை என் வருத்தம். சட்னி கேட்ட அந்தத் தாளில் நான் போட்ட ஆச்சரியக்குறி தாளைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்திருக்கிறது.

பிறகு நாற்பத்தொரு நாள் தாளே இல்லை. காலண்டரைக் கிழிக்கவே இல்லை. நாற்பத்திரண்டாம் நாள் மொத்தமாகக் கிழித்துவிட்டு எழுதியது: "பால்காரர் இன்றும் இரண்டு பாக்கெட் வைத்தார். ஒன்று போதும் என்று சொல்ல வாய் வரவில்லை." இன்னொரு பாக்கெட்டை உறை ஊற்றி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தயிர் கொடுக்க ஆரம்பித்தேன். அந்தக் குழந்தை இப்போது எட்டாவது படிக்கிறான். இன்னும் கிண்ணத்தோடு வருகிறான்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது மருந்து இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் வராமல், பசி எடுக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இருந்தால் அது வேறு. டாக்டரைப் பார்க்க வேண்டும், நான் கூட வருகிறேன். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள். அரசாங்கத்தின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழிலும் பேசுவார்கள். மறைக்காதே. நேற்று உன் குரலில் எனக்குப் பட்டது அலுப்பா, அதற்கு மேலா என்று தெரியவில்லை. நேரில் உன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வா. அந்தேரியிலிருந்து நேராகப் பன்வேல் வண்டி உண்டு, மாற வேண்டியதில்லை. மான்குர்த் தாண்டியதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொள். பாலம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. நீர் வற்றின நேரமாக இருந்தால் பூநாரைகள் சேற்றில் இறங்கி மேய்ந்துகொண்டிருக்கும். நிறைந்திருந்தால் ஒன்றும் தெரியாது, அப்படியானால் சாயங்காலம் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். உன் மாமா இந்த வருஷம் இரண்டு காலண்டர் அனுப்பியிருக்கிறான். ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நெரூல் ஸ்டேஷன் வாசலில் பச்சைப் பட்டாணி மலிவாகக் கிடக்கிறது. ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வா. உட்கார்ந்து உரிப்போம்.

அன்புடன்,
பெரியம்மா