கிட்டார் பெட்டியைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளத்தில் நனைந்த வீட்டுப் பொருள்களை என்ன செய்வது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்சாதனங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிளைவுட்டும் ஸ்பாஞ்சும் சேர்ந்த எதையும் யோசிக்காமல் கழித்துவிட வேண்டும் என்ற வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படிக் கழித்திருக்க வேண்டிய ஒரு பெட்டிக்குள்தான் என் கிட்டார் இப்போதும் படுத்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் தூத்துக்குடியில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தினமும் இருந்ததால் கிட்டாரைப் பெட்டியில் வைக்காமல் சுவர் ஆணியிலேயே மாட்டியிருந்தேன். அந்தச் சோம்பேறித்தனம் கிட்டாரைக் காப்பாற்றியது. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது, மூன்று நாள் ஊறியது.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் வேலையே தப்பு. பெட்டியை மலர்த்தி மொட்டை மாடியில் நல்ல வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மூடி கோணிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் பூட்டினால் மறுபக்கம் விரல் நுழையும் இடைவெளி. நனைந்த பிளைவுட்டை நிழலில், மின்விசிறிக் காற்றில், பொறுமையாகத்தான் உலர்த்த வேண்டும். மேல்பக்கம் மட்டும் சடாரென்று காய்ந்தால் பலகை வளையாமல் என்ன செய்யும்? பிறகு மூடியைக் குப்புறப் போட்டு, மேலே அம்மிக்கல்லை ஏற்றி, பத்து நாள் விட்டேன். முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதியைப் பூட்டுகளை மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்திச் சரிக்கட்டினோம்.

வாத்தியக் கடையில் விசாரித்தேன். "பூட்டெல்லாம் தனியா வராது சார், புதுப் பெட்டி எடுத்துக்குங்க" என்றார்கள். 5,500 ரூபாய். ஓய்வூதியக்காரனுக்கு அது சின்னத் தொகை அல்ல. கடைசியில் சூட்கேஸுக்கு ஜிப் மாற்றித் தரும் ஒருவரிடம் போனேன். பெட்டியை நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஓடு சாகல. ஓரம்தான் வாய் பிளந்திருக்கு" என்றார். கிட்டார் பெட்டியை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லையாம். சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

அடுக்கு பிரிந்த ஓரங்களில் வெள்ளை ஃபெவிகாலைப் பழைய ஊசிக்குழாயால் உள்ளே செலுத்தினோம். தச்சரிடம் இரவல் வாங்கிய கிளாம்ப் போட்டு, கிளாம்புக்கும் பலகைக்கும் இடையில் பால் பாக்கெட் கவரை வைத்து, ஒரு நாள் முழுக்க இறுக்கி வைத்தோம். கவர் வைக்காவிட்டால் கிளாம்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் மேலுறையான ரெக்ஸின் உப்பியிருந்தது. அதற்கு அந்த வெள்ளைப் பசை ஆகாது, ரப்பர் பசைதான். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் ஒரே அழுத்து. வைத்த பிறகு நகர்த்த முடியாது. ஒரு மூலையில் அவசரப்பட்டதன் சுருக்கம் இன்னும் இருக்கிறது.

துருப்பிடித்த பூட்டுகளில் ரிவெட்டைக் குடைந்து எடுத்துவிட்டு சூட்கேஸ்காரர் போல்ட், வாஷர், நட் போட்டார். வாஷர் அவசியம். அது இல்லாவிட்டால் மெல்லிய பிளைவுட்டை நட் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்பக்கம் நட் தலைகள்மேல் பழைய கம்பளித் துண்டை ஒட்டினோம், கிட்டார் கீறிக்கொள்ளக் கூடாதே. வெல்வெட் துணியின் பூஞ்சையைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவைத்தேன். ஆப்பசோடாவை ஓர் இரவு தூவி வைத்து, காலையில் தட்டி எடுத்தேன்.

இவ்வளவும் முடித்துக் கிட்டாரை வைத்து மூடியபோது, ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பேரன்தான், "தாத்தா, தலை கீழே முட்டுது" என்றான்.

கிட்டாருக்குத் தலை என்றால் கம்பிகளை முறுக்கும் நுனி, கழுத்து என்றால் அதையும் உடலையும் சேர்க்கும் நீளக் கட்டை. அந்தத் தலை பெட்டியின் அடியில் முட்டுவதைத்தான் நான் பார்க்கவில்லை. வெளித்தோற்றத்துக்கு ஒரு மாதம் செலவழித்தவன், கழுத்துக்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் தாங்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊறி, ஒட்டு விட்டு, இட்லி அமுங்கினதுபோல் தட்டையாகக் கிடந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேலான விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நிறைய கிட்டார்களில் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும், தலையும் கழுத்தும் சேரும் இடம் மெலிந்திருக்கும். பெட்டி மல்லாக்க விழும்போது தலை தரையில் முட்டினால் அந்த இடத்தில்தான் முறியும். அதனால் தாங்கி கழுத்தைப் பிடிக்க வேண்டும், தலை அந்தரத்தில் நிற்க வேண்டும். அந்த ஒன்று சரியில்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

கெட்டியான ஸ்பாஞ்ச் துண்டை வெட்டி, பழைய வெல்வெட்டையே சுற்றிப் புதுத் தாங்கி செய்தேன். உயரம் சரியா என்று பார்க்க உங்கள் நாளிதழிலிருந்துதான் ஒரு நீளத் துண்டைக் கிழித்துக்கொண்டேன் (ராசிபலன் பக்கம், கோபிக்க வேண்டாம்). தலைக்கு அடியில் விட்டு இழுத்தால் தாள் தடையில்லாமல் வழுக்கி வர வேண்டும், கழுத்துக்கு அடியில் விட்டால் வரக் கூடாது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. பசை வாசம் போக ஒரு வாரம் பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டு அப்புறம்தான் கிட்டாரைப் படுக்கவைத்தேன்.

மொத்தச் செலவு 640 ரூபாய், சூட்கேஸ்காரர் கூலியையும் சேர்த்து.

தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் பூட்டுகளைத் துடைத்து, உலர்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். எண்ணெயைத் துணியில் தொட்டுத்தான் வைக்க வேண்டும், வெல்வெட்டில் பட்டால் கறை போகாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று கிடக்கிறது. நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் வறுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தனிச் சட்டி வாங்கும்வரை எனக்குக் காபி கிடைக்கவில்லை. பெட்டியும் கட்டிலடியை விட்டுப் பரணுக்கு ஏறிவிட்டது.

ஒரே ஒரு குறை பாக்கி. ஐந்து பூட்டுகளில் நான்குக்குத்தான் ஓரளவு பொருந்துகிற கொக்கி இரும்புக் கடையில் கிடைத்தது. சாவி போடும் நடுப்பூட்டுக்கு ஜோடி எங்கும் இல்லை, இப்போதைக்கு ஒரு பெல்ட்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ அதை விற்கும் கடை யாருக்காவது தெரிந்தால் இந்தப் பகுதிக்கே எழுதட்டும். மழை தொடங்குவதற்குள் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தூத்துக்குடி