கோப்பையில் வருவதும் சாப்பாடுதான்

அன்புள்ள கண்ணுக்கு,

"மதியம் ஒரு சாண்ட்விச், ஒரு ஸ்மூத்தி, அவ்வளவுதாம்மா சாப்பிடறேன். அப்பவும் எடை இறங்கவே மாட்டேங்குது" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இதே நினைப்பு. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

சமைத்துச் சாப்பிடு என்று நான் சொல்லப் போவதில்லை. உன் வேலையும் நீ வீடு திரும்பும் நேரமும் எனக்குத் தெரியும். கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே எடையைக் குறைக்க முடியும். ஆஸ்பத்திரி உணவுப் பிரிவில் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அப்படிக் குறைத்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உனக்கு மனஉறுதி போதவில்லை என்றும் நினைத்துக்கொள்ளாதே. வாயைக் கட்டித்தான் இருக்கிறாய். கணக்குதான் ஓர் இடத்தில் இடிக்கிறது.

ஸ்மூத்தியை நீ தண்ணீர் கணக்கில் சேர்த்திருக்கிறாய், கண்ணு. அது ஒரு வேளைச் சாப்பாடு.

கடையில் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார். முதலில் ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு ஊற்றுவார்கள், அது 110 கலோரி. ஒரு வாழைப்பழம், 105. உறைந்த தயிரோ, ஐஸ்கிரீம் மாதிரி உறைந்த ஷெர்பெட்டோ ஒரு கரண்டி, குறைந்தது 100. தேன் ஒரு மேசைக்கரண்டி, 64. புரதத்துக்கு நல்லது என்று வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போடச் சொன்னால் அது மட்டும் 190. கூட்டிப் பார், 570-க்கு வந்து நிற்கும். இதுவும் சின்னக் கோப்பைக்கான கணக்குதான். இவற்றில் தனியாக எடுத்தால் ஒன்றுகூடக் கெட்ட பொருள் இல்லை, அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று நீ வகுத்துக்கொண்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு ஸ்ட்ராவில் போய்விடுகிறது.

சர்க்கரையையும் பார். சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும், மொத்தம் நாளின் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. உன் 1500-க்கு அது 37 கிராம் சொச்சம். அந்த டம்ளர் சாற்றில் ஏறக்குறைய 21 கிராம், தேனில் 17. ஒரே கோப்பையில் அன்றைய அளவு தீர்ந்தது.

கலோரி ஒன்றுதானே, மென்றால் என்ன, குடித்தால் என்ன என்று நீ கேட்பாய். வயிற்றுக்கு அது ஒன்றில்லை. 1977-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆப்பிளை முழுதாகவும், அரைத்த கூழாகவும், வடிகட்டிய சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து மூன்றிலும் ஒரே அளவு. சாறு, முழுப் பழத்தைவிட 11 மடங்கு வேகமாக உள்ளே போனது. வேகத்தைச் சமப்படுத்திக் கொடுத்தபோதுகூட, சாறு கூழ் அளவுக்கு வயிறு நிறைந்த உணர்வைத் தரவில்லை, கூழ் பழம் அளவுக்குத் தரவில்லை. அதைவிட முக்கியம், சாறு குடித்தவர்களுக்கு ஏறிய ரத்தச் சர்க்கரை பிறகு சரசரவென்று இறங்கியது. கூழுக்கு அவ்வளவு இல்லை, முழு ஆப்பிளுக்கு அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை. மதியம் இவ்வளவு சாப்பிட்டும் நாலு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறேன் என்று நீ வருத்தப்பட்டாயே, அதில் பாதிப் பழி அந்தக் கோப்பைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சாண்ட்விச் விஷயத்தில் நீ பயப்படுவது தப்பான இடத்தில். ரொட்டியைக் குறை சொல்கிறாய். ரொட்டியில் கொஞ்சம் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரிச்சலுகை பெறும் ரொட்டி ஆகாது என்பது அயர்லாந்துச் சட்டம். சப்வே என்ற சாண்ட்விச் கடைகளின் ரொட்டியில் அது 10 சதவீதம் என்று 2020-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை மறுத்துவிட்டது. படித்தபோது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு அங்குல ரொட்டியில் அந்தச் சர்க்கரை ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும்தான் வரும். முழு ரொட்டியே 200 கலோரி அளவுதான். உன் எடையைப் பிடித்து வைத்திருப்பது அதுவல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கையைப் பார். கோழி எவ்வளவு வைக்கிறார் என்று எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வெள்ளை சாஸ் பாட்டில் எத்தனை தடவை போய் வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90 முதல் 100 கலோரி. வளைத்து வளைத்து இரண்டு கோடு இழுத்தால் இரண்டு கரண்டி சுலபமாக விழுந்துவிடும், அதாவது இன்னொரு ரொட்டியைத் தின்ற மாதிரி. சீஸ் இரண்டு துண்டு இன்னும் 100. கடுகு சாஸ் என்றால் கரண்டிக்குப் பத்துகூட இல்லை, காரசாரமாகவும் இருக்கும். நீ "சாஸ் தனியா சின்னக் கிண்ணத்தில் கொடுங்க" என்று சொல்லிவிடு. கேட்பதற்குக் கூச்சப்படாதே, பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை.

டியூனா இலேசானது என்று நம்பி அதை வாங்காதே. மீன் இலேசுதான். ஆனால் பெரும்பாலான கடைகளில் அதை மயோனைஸில் பிசைந்துதான் வைத்திருப்பார்கள், எடுக்கச் சொல்ல முடியாது. பொரித்த கோழி வேண்டாம், கிரில் செய்ததைக் கேள். ரொட்டிக்குப் பயந்து, சப்பாத்தி மாதிரி சுருட்டித் தரும் ராப்புக்குப் போகாதே. பெரிய ராப்பின் மேல்தோல் மட்டுமே 300 கலோரி வரை வரும். காய் எவ்வளவு வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே. கிரில் கோழி, நிறையக் காய், கடுகு சாஸ் என்று வாங்கினால் ஆறு அங்குல சாண்ட்விச் 350 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். புரதமும் 20 கிராமுக்குக் குறையாது. மயோனைஸும் சீஸும் சேர்ந்தால் அதே சாண்ட்விச் 650. கடையும் அதேதான், வரிசையும் அதேதான். கூடவே சிப்ஸும் குளிர்பானமும் சேர்த்து வாங்கினால் மலிவு என்பார்கள், அந்தப் பேச்சுக்குக் காதே கொடுக்காதே.

இன்னொன்று, நீ கண்ணீர் விட்ட அந்தக் காலை. ஒரே ராத்திரியில் எடை ஒரு கிலோ ஏறிவிட்டது என்றாயே, அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏழாயிரம் கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். பதப்படுத்திய இறைச்சி, சீஸ், ஊறுகாய் எல்லாம் சேர்ந்த சாண்ட்விச்சில் உப்பு ஏராளம். உடம்பு அந்த உப்போடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் வடிந்துவிடும். தினமும் தராசில் ஏறி மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. வாரத்துக்கு ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பார், போதும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே அது நல்ல வேகம்.

ஸ்மூத்தியை விடச் சொல்லவில்லை. உனக்குப் பிடித்தது, விட்டால் ஏங்கிப்போவாய். அதைக் காலைச் சாப்பாடாக மாற்றிக்கொள். உன்னிடம் பிளெண்டர் இருக்கிறதே. சர்க்கரை சேர்க்காத கொழுப்பு நீக்கிய கெட்டித் தயிர் முக்கால் கப், உறைந்த ஸ்ட்ராபெர்ரி ஒரு கப், அரை வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், வேண்டிய அளவு தண்ணீர். சாறு வேண்டாம், தேன் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். 230, 240 கலோரிக்குள் முடியும், தயிரினால் புரதமும் கிடைக்கும். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக அடித்து, கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பூனால் சாப்பிடு. ஸ்பூனால் சாப்பிட்டால் நேரம் எடுக்கும். வயிறு நிறைந்தது என்று தெரியவே ஒரு கால் மணி நேரம் ஆகும், மடக்கென்று குடித்தால் அதற்கு அவகாசம் இல்லை. கடையிலேயே வாங்குகிற நாளில் சாற்றுக்குப் பதில் பால் அல்லது தண்ணீர், சின்ன அளவு, ஷெர்பெட்டும் தேனும் இல்லாமல் என்று கேள். சாண்ட்விச் வாங்கும் மதியத்தில் மட்டும் ஸ்மூத்தி வேண்டாம். தண்ணீர் குடி, ஒரு முழு ஆப்பிளை மென்று தின்.

இரண்டு ஸ்மூத்தியோடு நாளை ஓட்டிவிட்டு இரவு பட்டினி கிடக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. ஒரு நாளைக்கு 1200 கலோரிக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் இறங்காதே. குறைகிற சக்தியை உடம்பு தசையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். முடி கொட்டும், எரிச்சல் வரும், மூன்றாம் நாள் கண்டதையும் தின்னத் தோன்றும். நீ ஒல்லியாக வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது என்று நீயாகச் சொன்னதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இப்படி இரண்டு மாதம் சாப்பிட்டும் தராசு அசையவில்லை என்றால், இன்னும் குறைக்காதே, டாக்டரைப் பார். தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

உன் அம்மா