தலையில் வாங்கிய அடிக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி நாட்களில் ரக்பி, கால்பந்து, குத்துச்சண்டை என்று ஆடியவர்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் பெயர் மறந்தாலோ, சட்டென்று கோபம் வந்தாலோ, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு நோயாக இருக்குமோ என்ற பயம் தொற்றிக்கொள்கிறது. பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

2017-ல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், கல்லூரி அளவோடு அமெரிக்கன் ஃபுட்பாலை நிறுத்திய 53 பேரின் மூளைகளில் 48-ல் சி.டி.இ. தெரிந்தது. ஆனால் அவை தானமாக வந்த மூளைகள். தொந்தரவு இருந்தவரின் குடும்பம்தான் தானத்துக்கு அதிகம் முன்வரும். எனவே ஆடியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நோய் என்று அதைப் படிக்கக் கூடாது. இறந்தபின் மூளை மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி டௌ புரதம் படிந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இந்த நோயை உறுதி செய்ய முடியும். உயிரோடு இருப்பவருக்கு ஸ்கேன் எடுத்து ‘சி.டி.இ.தான்’ என்று அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மறதிக்கும் எரிச்சலுக்கும் வேறு காரணங்கள் ஏராளம். கழுத்து பருத்த முன்னாள் வீரர் இரவெல்லாம் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிந்தால், முதலில் செய்ய வேண்டியது தூக்கப் பரிசோதனை. மூச்சு அடைபட்டு அடைபட்டுத் தூங்கும் மூளையில் ஞாபகம் எப்படி நிற்கும்? மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி, தைராய்டு, பி12 குறைவு, மது ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். தலையடியால் பிட்யூட்டரி சுரப்பி சுணங்கினாலும் தீராத சோர்வு வரும். அதை ஹார்மோன் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். இவை பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் மறதி நோய்க்கு வழிவிடுபவை என்பதால், ஆட்டத்தை நிறுத்தியபின் ஏறிய எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டாக்டரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். எந்த வயதில் ஆடத் தொடங்கினீர்கள், எத்தனை ஆண்டு, களத்தில் எந்த நிலையில் ஆடினீர்கள், ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் நினைவில்லை, தலைவலி எத்தனை நாள் நீடித்தது, எப்போது மறுபடி களம் இறங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘எனக்கு மயக்கமே வந்ததில்லை’ என்பது சமாதானம் ஆகாது. தலையடியில் மூளை குலுங்கும் ‘மூளை அதிர்ச்சி’யில் (கன்கஷன்) பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. நரம்பிழைகள் இழுபடுவது சி.டி. ஸ்கேனிலும் தெரியாது. தவிர, மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கையைவிட, ஆண்டுக்கணக்காகத் தலை வாங்கிய சின்னச் சின்ன மோதல்களின் மொத்த விசையே சி.டி.இ.யோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று 2023-ல் வந்த ஆய்வு காட்டுகிறது. வீட்டில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடத்தை மாறியது நமக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நினைவாற்றல் சோதனையை ஒரு முறை செய்து நிறுத்தினால் போதாது. இன்றைய மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி செய்தால்தான் இறங்குமுகமா என்று புரியும். முந்தின இரவு சரியாகத் தூங்காமல் போய் உட்கார்ந்தால் மதிப்பெண் வீணாகக் குறையும்.

அமெரிக்காவில் 2019-ல் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முன்னாள் வீரர்களைப் பரிசோதிக்க 50 ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அவ்வளவு பணம் இல்லாத கல்லூரிகளும் ஒன்று செய்யலாம்: படிப்பு முடிந்து போகும் வீரரின் கையில், சான்றிதழோடு அவருடைய தலைக்காயக் குறிப்புகளின் நகலையும் கொடுத்தனுப்பலாம்.

இப்படிக்கு,
விளையாட்டு மருத்துவர்கள் இருவர்