நிறைகல் ஒன்று வேண்டும்

பொகவந்தலாவை
12.5.2025

அன்புள்ள அந்தோனி மச்சான்,

உயிர்த்த ஞாயிறுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கு மூன்று கிழமையாகப் பதில் போடவில்லை. இரண்டு தடவை கோல் எடுத்தாய், அதற்கும் நான் பேசவில்லை. சிக்னல் இல்லை என்று சொல்லலாம், இந்த ஊரில் அந்தப் பொய் நன்றாகச் செல்லும். உண்மை என்னவென்றால், பேசினால் இதைச் சொல்ல வேண்டி வரும், சொன்னால் நீ சிரிப்பாய். இன்றைக்கு வெசாக் லீவு, வெளியே மழை. எழுதினால் நீ சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்காது.

வீட்டில் எல்லோரும் சுகம். மெர்சிக்கு முட்டி வலி. சின்னவன் சாதாரண தரம் எழுதிவிட்டு, முடிவு வரும்வரை போனைத் தடவிக்கொண்டு கிடக்கிறான். உள்ளூராட்சித் தேர்தல் கூத்தை நீ அங்கிருந்தே பார்த்திருப்பாய். கட்டைச் சூசை இன்னும் சாகவில்லை. உன்னிடம் இருநூறு ரூபா வர வேண்டும் என்று போன வாரமும் சொன்னார். கொடுத்துத் தொலையேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

பெரிய வெள்ளிக்குச் சிலுவையின் ஏழு வார்த்தைகளில் ஒன்றை என்னைப் பேசச் சொன்னார் போதகர் ஐயா. ஐந்தாம் வார்த்தை, ‘தாகமாயிருக்கிறேன்’. ஒரு கிழமை தயார் பண்ணினேன். நன்றாகவே பேசினேன் மச்சான், பொய்யடக்கம் வேண்டாம். நடுவில் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. கடைசி வாங்கில் இருந்த கிழவிகள்கூட அழுதார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, பின்னேர நிறுவை. இரண்டு மணியிலிருந்து நல்ல மழை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள், படங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மாரியாயி அக்காவின் சாக்கைக் கொக்கியில் மாட்டினேன். பதினொரு கிலோ காட்டியது. வழக்கம்போல ‘ஒன்பது’ என்று சொல்லி செக்ரோல் புத்தகத்தில் எழுதினேன். அவர் நகரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், கோபமே இல்லை:

“நேத்து கோயில்ல அழுதீங்களாமே ஐயா, மருமக சொன்னா. ஒங்க சாமி அத முழுசா எழுதிக்கிருமா, இல்ல அதுலயும் தண்ணிக்குக் கழிச்சிருமா?”

பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் அடுத்த சாக்கை மாட்டினேன். மாட்டினேனே தவிர, என்ன எண் எழுதினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

அன்றிரவு பிரசங்கக் குறிப்பு எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். காலை நிறுவையில் ஒரு கிலோ, பகலில் ஒன்று, பின்னேரம் இரண்டு. ஆளுக்கு நாலு. நாற்பத்திரண்டு பேருக்கு 168 கிலோ. மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 4,200 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று பார்த்தாலும் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோ தேயிலை வருகிறது. நான் கணக்கப்பிள்ளையாகி 19 வருசம். அதால் பெருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ உடனே கேட்பாய், அதில் எவ்வளவு உன் பைக்குப் போனது என்று. ஒரு கிராம்கூட இல்லை, சத்தியமாக. அதுதான் இத்தனை வருசமும் என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது. நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் கழிக்க வேண்டியது நியாயம். சாக்குக்குக் கழிக்க வேண்டும். மலையிலிருந்து தொழிற்சாலை ஸ்டோருக்குப் போவதற்குள் கொழுந்து வாடி எடை குறையும், அங்கே நிறுக்கும்போது குறைந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். அதனால் முன்கூட்டியே கூடக் கழித்துவிட்டால் கணக்கப்பிள்ளைக்குப் பயமில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். நான் திருடவில்லை, என் பயத்துக்கு அவர்களிடம் வாடகை வாங்கினேன், அவ்வளவுதான். அந்த வாடகை எவ்வளவு என்று தோட்டத்தில் பிறந்த உனக்குச் சொல்லத் தேவையில்லை. நாள் சம்பளம் 1,350 ரூபா. எங்கள் கணக்கு 18 கிலோ. பதினேழில் நின்றால் அரைப்பேர், பாதிச் சம்பளம்.

மச்சான், உனக்கு அந்த அடி ஞாபகம் இருக்கிறதா? நமக்கு எட்டு வயது. அம்மாவுக்குச் சாயத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க மடுவத்துக்குப் போனோம், போத்தலை நீதான் தூக்கி வந்தாய். அப்போது முள்ளுத் தராசு. முள் ஆடி ஆடிப் பதினாறில் நின்றது. ‘பதினாலு’ என்றார் அப்போதைய கணக்கப்பிள்ளை ஐயா. நமக்குத்தான் புதிதாக எண் படிக்கத் தெரியுமே, ‘பதினாறு, பதினாறு’ என்று நான் கத்தினேன். அம்மா திரும்பி என் கன்னத்தில் ஒன்று வைத்தார். தேயிலைக் கறை ஏறிய, வெடிப்பு விழுந்த விரல்கள், அரம் போல இருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கணக்கப்பிள்ளையான அன்று அவருக்கு எவ்வளவு பெருமை! நான் எந்த எண்ணைச் சொல்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

இனி வேத பாடம், கொட்டாவி விடாமல் கேள். எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு மேலே ஒரு பழைய காலண்டர் அட்டை இருக்கிறதே, ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’. கொலோசெயர் மூன்றாம் அதிகாரம். வருசக்கணக்காக அதைப் பார்த்துத்தான் தலை சீவுகிறேன். மனப்பூர்வமாக என்றால் சுறுசுறுப்பாக, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நேரத்துக்குப் போய், லீவு போடாமல் என்று நினைத்திருந்தேன். அன்றிரவு முழுதாக எடுத்து வாசித்தேன். அதற்கு முன்னால் இருப்பது வேலைக்காரருக்கு, கீழ்ப்படியுங்கள் என்று. அதிகாரம் 25ல் முடிகிறது. பேச்சு முடியவில்லை. பக்கத்தைப் புரட்டினால் நாலாம் அதிகாரத்து முதல் வசனம்: ‘எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்.’

அதிகாரம் பிரித்தவன் யாரோ, கத்தியைச் சரியாக என்னைப் போன்றவன் தப்பிக்கிற இடத்தில் வைத்திருக்கிறான். 1854ல், கோப்பிக் காலத்திலேயே, தமிழ்க்கூலி மிஷன் தொடங்கி உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். என் பாட்டன் வேதம் கேட்டதும் அவர்கள் வாயால்தான், அதற்கு நன்றி. ஆனால் துரைமாரும் காசு கொடுத்து நடத்திய மிஷன் அது. துரையின் மலையில் நின்றுகொண்டு உபதேசியார் எந்த வசனத்தோடு நிறுத்தியிருப்பார் என்று யோசித்தேன். அப்புறம், அவரைச் சொல்ல நான் யார் என்றும் யோசித்தேன். நான் துரையுமில்லை, இப்போது வேலைக்காரனுமில்லை. இரண்டு வசனத்துக்கும் நடுவில் பேனாவோடு நிற்கிறவன்.

திங்கட்கிழமை வெறும் சாக்கை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தேன். காய்ந்தது 400 கிராம், நனைந்தது 700. இனிச் சாக்கைப் பத்து நிமிசம் கம்பில் தொங்கவிட்டுத் தண்ணீர் வடியவிட்டுத்தான் நிறுப்பது, சாக்கின் எடையை மட்டும் கழிப்பது, கழித்ததைத் துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுப்பது என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டப் போகிறார்கள் என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ‘ஐயா எலக்சன் கேக்குறாரோ’ என்று ஒரு குரல் மட்டும் வந்தது. புதன்கிழமை ஒருத்தியின் சாக்குக்குள் ஈரச் சாக்கு ஒன்று மடித்து வைத்திருந்தது, எடை கூடட்டும் என்று. மாரியாயி அக்காதான் அதை உருவி எறிந்தார். “மனுசன் திருந்துற நேரத்துல கெடுக்காதடி.” சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

மூன்று நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் அசிங்கம். எடுத்ததை எடுக்காமல் விட்டதற்கே எனக்கு மாலை வேண்டியிருந்தது.

நாலாம் நாள் சின்னதுரை, தோட்டத்து உதவி மனேஜர், கூப்பிட்டார். மலைக் கணக்குக்கும் ஸ்டோர்க் கணக்குக்கும் 61 கிலோ இடிக்கிறது. “இவ்வளவு நாளும் இடிக்கவில்லையே” என்றார். இவ்வளவு நாளும் ஏன் இடிக்கவில்லை என்பதை நான் வாய் திறந்து சொல்ல வேண்டும், அந்த மனுசனுக்கும் அது தெரியும். சொன்னேன். நாக்கு தடித்துப் போய்த்தான் சொன்னேன். ‘ஒரு மாதம் பார்ப்போம், விளக்கம் எழுதிக் கொடுங்கள்’ என்று அனுப்பிவிட்டார். விளக்கத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மெர்சி சொல்கிறாள், “பென்சனுக்கு இன்னும் அஞ்சு வருசம். அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு ஜெபம் பண்ணக்கூடாதா?” அவளைக் குறை சொல்ல மாட்டேன். குவார்ட்டர்ஸை விட்டு இறங்கச் சொன்னால் எங்கே போவோம் என்று அவள்தான் யோசிக்கிறாள், நான் யோசிக்கவில்லை.

என்னைப் போட்டு அரிப்பது வேறு. வேதத்தில் சகேயு மரத்திலிருந்து இறங்கி, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அவன் வரி வசூலித்தவன், கையில் காசு இருந்தது. என் கையில் ஒன்றுமில்லை, கொழுந்து தூளாகி, தூள் கப்பலேறி, யாரோ குடித்தும் விட்டார்கள். 19 வருசத்தில் எத்தனை பேர் பென்சன் எடுத்துப் போய்விட்டார்கள், எத்தனை பேர் செத்தும் போனார்கள். அரைப்பேர் விழுந்த நாளில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதைச் சாப்பிட்டது என்று நான் எந்தச் செக்ரோலில் தேடுவேன்? போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். ‘கர்த்தர் மன்னித்துவிட்டார், சமாதானமாய்ப் போங்கள்’ என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் எனக்கு அது சீக்கிரமாக இருந்தது. கர்த்தருக்கு முன்னால் மாரியாயி அக்கா ஒருத்தர் வரிசையில் நிற்கிறாரே.

2015 ஜனவரியில் என்னையும் இழுத்துக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனாயே, பாப்பரசர் வந்து யோசப் வாஸைப் புனிதராக்கிய அன்று. வெயிலில் நிற்க வைத்தாய் என்று உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன். 1697ல் கண்டியில் அம்மை போட்டபோது, ஊரே விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை அந்த மனுசன் தேடிப் போய்க் கவனித்தார் என்று நீ சொன்னாய். இந்த மூன்று கிழமையாக அவரை அடிக்கடி நினைக்கிறேன். பிரசங்கத்தை அல்ல, புண் கழுவிய தண்ணீரைத் தினமும் தூக்கி ஊற்றியிருப்பாரே, அதை. இதைப் படித்துவிட்டு ‘எங்கள் பக்கம் வந்துவிடு’ என்று ஆரம்பிக்காதே. பணிசுக்காக எங்கள் ஞாயிறு பள்ளிக்கு வந்த கத்தோலிக்கன் நீ.

அந்தப் பள்ளியில்தான் எனக்கு நீ பெயர் வைத்தாய். நீதிமொழிகள் பதினொன்றாம் அதிகாரத்தில் ‘சுமுத்திரையான நிறைகல்’ என்று வாசிக்கச் சொன்னால், நான் ‘சமுத்திரமான நிறைகல்’ என்று வாசித்தேன். டீச்சரம்மாகூடச் சிரித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இப்போது கேட்கப் போகும் உதவி. மடுவத்தில் இப்போது இருப்பது எலெக்ட்ரிக் தராசு. நான் கழிக்காவிட்டாலும், ‘அந்தப் பொட்டிக்குள்ள என்ன எழுதி வச்சிருக்கானுகளோ’ என்கிறார்கள். நியாயம்தானே? தினமும் காலையில் நிறுவைக்கு முதல், எல்லோருக்கும் முன்னால் ஒரு கல்லை மாட்டிக் காட்ட வேண்டும். நீ கடைக்குப் புதுத் தராசு வாங்கிய பிறகு பழைய இரும்புக் கற்களை வாழைப்பழக் குலைக்குக் கீழே போட்டு வைத்திருந்தாய், போன முறை என் கால் இடித்தது.

ஐந்து கிலோக் கல்லை மட்டும் அனுப்பு. இரண்டு கிலோ வேண்டாம், அந்த எண்ணைப் பார்த்தாலே சிரிப்பார்கள். அரச முத்திரை பழசாகியிருந்தால் திரும்பக் குத்தி அனுப்பு, காசு நான் தருகிறேன். அடியில் துளை போட்டு ஈயத்தை எடுத்த கல்லை என் தலையில் கட்டிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை மெர்சியின் தம்பி வத்தளைக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிட்டால் ரயிலில் காலடியில் வைத்துக்கொண்டு அட்டனில் இறங்குவான். அதோடு கட்டைச் சூசையின் இருநூறு ரூபாவையும் கொடுத்துவிடு.

உன்,
சமுத்திரம்