சீஃப் ஆபீசர் ஆகப்போகும் மகனுக்கு

தூத்துக்குடி

அன்புள்ள தம்பி அருளுக்கு,

அப்பா எழுதுவது. கப்பலில் கேப்டனுக்கு அடுத்த சீஃப் ஆபீசராக உனக்குப் பதவி உயர்வு என்று கேட்டதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ போனில் சொன்னது ஒன்று மனதில் கிடக்கிறது: "கடலைச் சமாளிச்சிருவேம்ப்பா, ஆளுங்களைத்தான் எப்படின்னு தெரியல." அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வில்லியம் டாம்பியரை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1651-இல் இங்கிலாந்தில் பிறந்தவன். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டார்கள். டச்சுக்காரர்களோடு கடற்போர், ஜமைக்காவில் தோட்ட வேலை, மெக்சிகோ கரையில் சாயமரம் வெட்டு, அப்புறம் ஸ்பானியர்களைக் கொள்ளையடிக்கும் கூட்டம். பூசி மெழுகாமல் சொன்னால் கடற்கொள்ளைக்காரன். ஆனால் குறிப்பெழுதுவதை மட்டும் விடவில்லை. 1681-இல் பனாமாக் காட்டை நடந்தே கடந்தபோது, ஆறுகளில் நனையாமலிருக்கக் காகிதங்களை ஒரு பெரிய மூங்கில் குழாயில் போட்டு, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்துக்கொண்டு போனான்.

1688-இல் கூட்டத்தை விட்டு நிக்கோபாரில் இறங்கினான். ஒரு சின்ன வள்ளத்தில் எட்டுப் பேர்: மூன்று ஆங்கிலேயர், ஒரு போர்ச்சுக்கீசியர், சுமத்ரா தீவின் அச்சே ஊர்க்காரர்கள் நான்கு பேர். கிளம்பிய உடனே வள்ளம் கவிழ்ந்தது. கரையேறி, தீ மூட்டி, முதலில் உலர்த்தியது குறிப்புகளையும் வரைபடங்களையும்தான். அச்சேக்காரர்கள் மரம் வெட்டி வள்ளத்துக்கு இருபுறமும் மிதவைக் கட்டை பூட்டினார்கள். நடுக்கடலில் சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியது, பின்னாலேயே புயல். அந்த ராத்திரியில்தான் தன் பழைய வாழ்க்கையை நினைத்து நடுங்கியதாக அவனே எழுதியிருக்கிறான். அந்தக் கட்டைகள் இல்லாவிட்டால் மூழ்கியிருப்போம் என்றும் எழுதினான். தண்டலாகத் தோணி ஓட்டிய உன் தாத்தா கேட்டிருந்தால், கூட வந்த ஆளை மதித்த இடம் இது என்று ஒத்துக்கொண்டிருப்பார்.

1690-இல் நம் சென்னைக் கோட்டைக்கும் வந்தான். கடலிலிருந்து பார்க்க ஊர் அழகு என்று புகழ்ந்தான். அங்கேதான் உடம்பெல்லாம் பச்சை குத்திய ஜியோலி என்ற தீவுக்காரர் அவன் கண்ணில் பட்டார். விலைக்கு வாங்கப்பட்டுத் தாயோடு வந்தவர். தாய் சுமத்ராவின் பென்கூலனில் இறந்தாள். டாம்பியர் ஜியோலியை லண்டனுக்குக் கொண்டுபோய், கையில் காசில்லை என்று விற்றான். வாங்கியவர்கள் அவரைக் காட்சிப்பொருளாக்கினார்கள். அம்மை கண்டு ஆக்ஸ்போர்டில் இறந்துபோனார். டாம்பியரை எவ்வளவு ரசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு வயிறு எரிகிறது.

1697-இல் பயண நூல் வெளியாகிப் பேர் வாங்கியதும் அரசுக் கப்பலான ரோபக்கைக் கொடுத்தார்கள். அதுவரை பெரிய கப்பலில் தலைமை ஏற்றதில்லை. துணை அதிகாரி ஃபிஷரோடு ஆரம்பத்திலிருந்தே சண்டை. பிரம்பால் அடித்தான், விலங்கு மாட்டினான், பிரேசிலில் பாஹியா சிறையில் தள்ளிவிட்டுப் போனான். திரும்பும்போது அசென்ஷன் தீவருகே கப்பல் ஒழுகி மூழ்கியது. 1702-இல் கடற்படை நீதிமன்றம் விசாரித்தது ஃபிஷர் விஷயத்தை. சம்பளம் பூராவும் அபராதம், இனி அரசுக் கப்பலுக்குத் தலைமை தாங்கத் தகுதியில்லை என்று தீர்ப்பு. இத்தனைக்கும் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவன் எழுதியது மாலுமிகளுக்குப் பாடமாயிற்று.

அடுத்துத் தனியார் கப்பலில் தலைமை ஏற்ற பயணத்திலும் ஆட்கள் பிரிந்து போனார்கள். 1708-இல் உட்ஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயக் கேப்டனின் கீழ் வழிகாட்டியாக மட்டும் போனான், பார், அது நல்லபடியாக முடிந்தது. உலகத்தை மூன்றாவது முறை சுற்றிவந்து, 1715-இல் கடனோடு லண்டனில் செத்தான்.

உனக்கு அந்த வழிகாட்டி வேலை மட்டும் போதாது. டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் உன்னைவிட வயதில் மூத்தவர் என்றாய். கப்பலேறிய முதல் நாளே அவரோடு டெக்கைச் சுற்றி வா, எது எங்கே பழுது என்று அவர் வாயால் கேள். பிறகு வேலை சொல். யாரையாவது திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டு.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வீடெல்லாம் மண். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், ஊருக்கு வரும் உன் நண்பன் மூலம் அனுப்புகிறோம். சிங்கப்பூர் சேர்ந்ததும் போன் போடு.

அன்புடன்,
அப்பா